செங்கடலுக்கு அக்கரையில்: மன்னர் ஃபைசலும் ஆப்பிரிக்காவும்

மர்ஹூம் மன்னர் ஃபைசல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடைதான். பைத்துல் முகத்தஸுக்காக வல்லரசுகளுக்கு எண்ணெயை நிறுத்திய மன்னர் என்று கேட்டே நாம் வளர்ந்தோம். அந்தப் பிரியத்தில் பிள்ளைக்கு ஃபைசல் என்று பெயர் சூட்டிய குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர் சொன்னதாகப் பல வீர வசனங்கள் வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. ஆதாரம் எதுவும் காட்டாமல் பகிரப்படும் அவற்றை இங்கே நாம் தொடப் போவதில்லை. அவர் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். அதிலும் நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு பகுதியைப் பார்ப்போம். அரபு நாடுகளின் அணி ஆப்பிரிக்காவை நோக்கி எப்படித் திரும்பியது, அதில் ஃபைசலின் கை எவ்வளவு, அது எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதே நமது பேச்சு.

முதலில் வரைபடத்தை ஒருமுறை விரித்துக்கொள்வோம். ஜித்தா கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால் எதிரே இருப்பது ஆப்பிரிக்கா. சூடானின் துறைமுகமான போர்ட் சூடான் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர்தான். தெற்கே பாபுல் மன்தபில் செங்கடல் 30 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். மக்காவின் முதல் முஸ்லிம்கள் குறைஷிகளின் கொடுமை தாங்காமல் அடைக்கலம் தேடிச் சென்றது இந்தக் கடலைத் தாண்டித்தான். மதரஸாவில் ஸீரா ஓதும் எந்தச் சிறுவனுக்கும் ஹபஷா நாடும் நஜ்ஜாஷி மன்னரும் தெரியும். பிலால் (ரலி) அவர்களின் வேர் அந்த மண்ணில்தான். இத்தனை நெருக்கம் இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரபு அரசுகளுக்கு ஸஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா ஏதோ தொலைதேசம் போலவே இருந்தது. அங்கே ஆண்டவர்கள் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் பெல்ஜியர்களும் போர்ச்சுகீசியரும். பேச வேண்டுமென்றால் லண்டனோடும் பாரிஸோடும்தான் பேச வேண்டும். பக்கத்து வீட்டோடு பேசுவதற்கு ஊர்க்கோடியில் இருப்பவரின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது.

ஃபைசல் 1906இல் ரியாத்தில் பிறந்தார். தந்தை, பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய அப்துல் அஸீஸ். தாயார் தர்ஃபா, ஆலிம்களின் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஷைகு முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபின் வழிவந்தவர்கள் அவர்கள். தாயார் சிறு வயதிலேயே வஃபாத்தாகிவிட, தாய்வழிப் பாட்டனாரின் மடியில் குர்ஆனும் மார்க்க நூல்களும் ஓதி வளர்ந்தார் சிறுவர் ஃபைசல். சகோதரர்களைப் போல அரண்மனைக் கூட்டத்தில் வளராமல் கிதாபுகளுக்கு நடுவே வளர்ந்ததால்தானோ என்னவோ, அதிகம் பேசாத சுபாவம் அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்தது.

13 வயதில் தந்தையின் சார்பில் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். ஆண்டு 1919. முதல் உலகப் போர் முடிந்திருந்த நேரம். பிரிட்டிஷ் மன்னரைச் சந்தித்தார். அப்படியே பிரான்ஸின் போர்க்களங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். நஜ்தின் மணலைத் தவிர வேறெதுவும் பார்த்திராத பாலகர் ஒருவருக்கு உலக அரசியல் முதன்முதலில் காட்டிய முகம், குண்டுகள் உழுது போட்ட வயல்கள்தான்.

ஹிஜாஸ் பகுதி அப்துல் அஸீஸின் கைக்கு வந்ததும், 1926இல் ஃபைசல் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 20. மக்காவும் மதீனாவும் ஜித்தாவும் அவர் பொறுப்பில். எண்ணெய் கண்டுபிடிக்கப்படாத அந்த நாட்களில் ஹாஜிமார் தரும் வரிதான் அரசின் பெரிய வருமானம். இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஹாஜிமார் கப்பலில் வந்து இறங்குவார்கள். மேற்கு ஆப்பிரிக்க ஹாஜிமாரின் கதை வேறு. நைஜீரியா, நைஜர், மாலி பக்கத்து ஏழைகள் சாட் வழியாக, சூடான் வழியாக, கால்நடையாகவே வருவார்கள். வழியில் சூடானின் பருத்தி வயல்களில் கூலி வேலை பார்த்துக் காசு சேர்ப்பார்கள். செங்கடலைக் கடந்து ஜித்தா சேர்வதற்குள் சிலருக்குப் பல ஆண்டுகள் ஓடிவிடும். திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கியவர்களைத் தக்ரூனிகள் என்று அழைத்தார்கள். மக்காவிலும் ஜித்தாவிலும் அவர்களின் சந்ததிகள் இன்றும் வாழ்கிறார்கள். ஆக, ஆப்பிரிக்கா ஃபைசலுக்கு அறிமுகமானது தூதர்களின் மூலமாக அல்ல; இந்தக் கால்நடை ஹாஜிமார் மூலமாக.

1930இல் வெளியுறவு அமைச்சகம் உருவாக்கப்பட்டபோது அதன் பொறுப்பும் அவரிடமே வந்தது. இடையில் ஒரு சிறு இடைவெளியைத் தவிர, இறக்கும் வரை 45 ஆண்டுகள் அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. மன்னரான பிறகும் வெளியுறவை அவர் பிறர் கையில் கொடுக்கவில்லை. 1945இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் சவூதியின் சார்பில் கையெழுத்திட்டவரும் அவரே.

இரண்டே ஆண்டுகளில், அதே ஐ.நா.வில் அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆறாத ஒரு காயம் ஏற்பட்டது.

1947 நவம்பர் 29. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. சவூதிக் குழுவின் தலைவர் ஃபைசல். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அரபு நாடுகள் அது கிடைக்காது என்று நம்பின. அமெரிக்காவும் நியாயமாக நடந்துகொள்ளும் என்று ஃபைசல் நம்பினார். ஆனால் கடைசி நாட்களில் சிறு நாடுகள் மீது நெருக்குதல் தீவிரமானது. 33 நாடுகள் ஆதரவு, 13 எதிர்ப்பு, 10 நடுநிலை, தீர்மானம் நிறைவேறியது. நம் இந்தியா எதிர்த்து வாக்களித்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆப்பிரிக்காவின் பக்கம் பாருங்கள். அந்த முழுக் கண்டத்திலிருந்தும் அன்று வாக்குரிமை பெற்றிருந்தவை நான்கே நாடுகள். எகிப்து எதிர்த்தது. எத்தியோப்பியா ஒதுங்கி நின்றது. வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா ஆதரித்தது. லைபீரியாவும் ஆதரித்தது. லைபீரியாவின் பொருளாதாரம் அன்று ஃபயர்ஸ்டோன் என்ற அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் தோட்டங்களை நம்பியிருந்தது. நெருக்குதல் அந்த வழியாகவும் வந்தது. லைபீரியாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்நாட்டிடம் ஒரு வார்த்தை பேச அரபு நாடுகளுக்கு அங்கே யார் இருந்தார்கள்? தூதரகம் உண்டா, வணிகம் உண்டா, கொடுக்கல் வாங்கல் உண்டா? வாக்கெடுப்பு நாளில் வாசல் தட்டினால் யார் திறப்பார்?

அமெரிக்கா தம்மை ஏமாற்றிவிட்டது என்ற கசப்போடு ஊர் திரும்பிய ஃபைசல், அதனுடன் உறவைத் துண்டிக்குமாறு தந்தையிடம் வேண்டினார். தந்தை இணங்கவில்லை. அந்தக் கசப்பு உள்ளேயே தங்கியது.

1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது சவூதி குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். அந்த 29இல் ஆப்பிரிக்க நாடுகள் ஆறு. ஐந்தே ஆண்டுகளில், 1960இல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஐ.நா.வில் ஒரு வாக்கு. இந்தக் கணக்கை அரபு நாடுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது இஸ்ரேல். 1957இல் கானா விடுதலை பெற்றதிலிருந்தே அது அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது. விவசாய வல்லுநர்கள், மருத்துவர்கள், ராணுவப் பயிற்சியாளர்கள் என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. 1960களின் நடுவில் 30க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளுடன் அதற்குத் தூதரக உறவு இருந்தது. அரபு நாடுகளோ தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எகிப்தின் ஜமால் அப்துன் நாஸிர் ஒரு பக்கம், சவூதி ஒரு பக்கம். யமன் நாட்டில் 1962இல் வெடித்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் எதிரெதிர் அணிகளுக்கு ஆயுதம் கொடுத்தன. முஸ்லிம் ரத்தத்தை முஸ்லிம்களே சிந்திய அந்த ஐந்தாண்டுகளில் ஆப்பிரிக்காவை நினைக்க யாருக்கு நேரம்?

அதே 1962இல்தான், நம் பார்வையில், ஃபைசல் ஆப்பிரிக்காவுக்காகச் செய்த மிகப் பெரிய காரியம் நடந்தது. அதற்காக அவர் எந்த நாட்டுக்கும் பயணம் போகவில்லை. பட்டத்து இளவரசராகவும் பிரதமராகவும் இருந்த அவர், அந்த நவம்பரில் அறிவித்த பத்து அம்சத் திட்டத்தில் அடிமை முறையை அடியோடு ஒழித்தார்.

இதைப் பேச நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. இஸ்லாம் அடிமைகளை விடுதலை செய்வதை இபாதத்தாக ஆக்கியது. பாவப் பரிகாரங்களில் அடிமையின் விடுதலையை முதலிடத்தில் வைத்தது. அப்படிப்பட்ட மார்க்கத்தின் பிறப்பிடத்தில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதர்கள் விலை பேசப்பட்டார்கள் என்பது வரலாறு. அவர்களில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், அல்லது அவர்களின் வாரிசுகள். கடல்வழியாக அடிமைகளைக் கொண்டுவருவதை மன்னர் அப்துல் அஸீஸ் 1936இல் தடை செய்தும் முறை ஒழியவில்லை. ஃபைசலின் முடிவுக்குப் பின்னால் அமெரிக்க அதிபர் கென்னடியின் அழுத்தம் இருந்தது, நாஸிரின் வானொலிப் பிரச்சாரத்துக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது என்ற அரசியல் கணக்கும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். உரிமையாளர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஈட்டுத்தொகை கொடுத்து அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள். அக்கரை மக்களைச் சமமானவர்களாகப் பார்க்காத ஓர் அரசு அவர்களோடு எந்த நட்பைப் பேச முடியும்? அடுத்த பத்தாண்டுகளில் ஆப்பிரிக்கத் தலைவர்களின் முன்னால் ஃபைசல் தலைநிமிர்ந்து உட்கார முடிந்ததற்கு இந்த ஒரு சட்டம் பெரிய காரணம் என்பது நமது எண்ணம்.

1964இல் ஹஜ்ஜுக்கு வந்த அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸை அவர் அரசு விருந்தினராக ஏற்று, நேரில் சந்தித்தும் பேசினார். அதே ஆண்டு நவம்பரில், சகோதரர் சஊத் பதவி நீக்கப்பட, ஃபைசல் மன்னரானார்.

மன்னரானதும் பயணங்கள் தொடங்கின. 1966இல் அவர் சென்ற நாடுகளில் சூடான், மொராக்கோ, துனீசியா ஆகியவற்றோடு கினியும் மாலியும் இருந்தன. பின்னிரண்டும் சோஷலிசம் பேசிய நாடுகள், நாஸிருக்கு நெருக்கமானவை. கம்யூனிசத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஃபைசல் அங்கே போனது பலருக்கு வியப்பு. கொள்கை வேறாக இருந்தாலும் மக்கள் முஸ்லிம்கள் என்பது அவரது கணக்கு. மறு ஆண்டு ஜூன் போரில் பைத்துல் முகத்தஸ் உட்பட அரபு மண்ணின் ஒரு பகுதி பறிபோனபோது, ஸஹாராவுக்குத் தெற்கே இஸ்ரேலுடன் உறவை முறித்த ஒரே நாடு அந்தக் கினிதான். மற்றவை அசையவில்லை.

அந்தத் தோல்வி அரபுத் தலைவர்களின் கண்ணைத் திறந்தது. 1967 ஆகஸ்டு இறுதியில் அவர்கள் கூடிய இடம் ஆப்பிரிக்க மண்ணான சூடானின் கார்த்தூம். அங்கே ஃபைசல் நாஸிரோடு சமாதானம் செய்துகொண்டார். தோற்று நின்ற எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் சவூதி, குவைத், லிபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 13.5 கோடி பவுண்டு கொடுப்பதென்று முடிவானது. சவூதியின் பங்கு 5 கோடி. நேற்றுவரை தம்மை வானொலியில் ஏசியவருக்கு, அவர் வீழ்ந்து கிடந்த நேரத்தில் கை கொடுத்ததைப் பகைவர்களும் பாராட்டினார்கள்.

1969 ஆகஸ்டு 21 அன்று மஸ்ஜிதுல் அக்ஸாவில் ஓர் ஆஸ்திரேலியன் தீ வைத்தான். சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்து மிம்பர் எரிந்து சாம்பலானது. ஒரு மாதத்தில் மொராக்கோவின் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் உச்சி மாநாடு கூடியது. ஃபைசல் அதற்காக முன்னின்று உழைத்தார். அதிலிருந்து பிறந்ததே இன்று ஓ.ஐ.சி. என்று நாம் அறியும் அமைப்பு. அதன் செயலகம் ஜித்தாவில் அமைந்தது. (ரபாத் வரை சென்ற ஃபக்ருத்தீன் அலி அஹ்மத் தலைமையிலான இந்தியக் குழு, பாகிஸ்தான் அதிபர் யஹ்யா கானின் பிடிவாதத்தால் மாநாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது நமக்கு வருத்தம் தந்த தனிக் கதை.) இந்த அமைப்பில் செனகல், மாலி, நைஜர், சாட், கினி எல்லாம் ஆரம்பத்திலேயே இடம்பெற்றன. அரபு லீக்கில் இவற்றுக்கு இடமில்லை, ஏனெனில் மொழி வேறு. கிப்லா ஒன்று என்ற அடிப்படையில் கட்டிய வீட்டில் இடம் கிடைத்தது. இன்று அதன் 57 உறுப்பு நாடுகளில் 27 ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை.

1972 நவம்பரில் ஃபைசல் தம் வாழ்வின் மிக முக்கியமான ஆப்பிரிக்கப் பயணத்தைத் தொடங்கினார். வயது 66. உகாண்டா, சாட், செனகல், மவுரித்தானியா, நைஜர் என ஐந்து நாடுகள். ஒவ்வொன்றிலும் பேசியது இரண்டே விஷயம்: பைத்துல் முகத்தஸ், முஸ்லிம் நாடுகளின் ஒத்துழைப்பு. செனகலின் அதிபர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர். அவர் ஆண்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். முந்திய ஆண்டுதான் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சமாதானக் குழுவுக்காக அவர் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் போய் வந்திருந்தார். அந்த முயற்சி பலிக்காமல் போனதில் ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு ஏமாற்றம் இருந்தது. மன்னர் போன நேரம் நல்ல நேரம்.

சாட் நாடு, அவர் வந்துபோன அதே மாதத்தின் இறுதியில் இஸ்ரேலுடன் உறவை முறித்தது. 1973 ஜனவரியில் நைஜரும் மாலியும். பலன் கைமேல் கிடைத்தது என்று அரபு ஏடுகள் மகிழ்ந்தன.

ஆனால் அந்தப் பயணத்தின் மறுபக்கத்தையும் பார்க்காமல் போனால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம். உகாண்டாவின் இடி அமீன் அந்த ஆகஸ்டில்தான் தம் நாட்டிலிருந்த ஆசிய வம்சாவளியினர் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். பல்லாயிரக்கணக்கானோர் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு, கையில் பெட்டியோடு விமானம் ஏறினார்கள். பெரும்பாலோர் குஜராத்தி வம்சாவளியினர். அவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் நிறைய. கெடு முடிந்த அதே நவம்பரில்தான் மன்னரை அமீன் வரவேற்றார். சாட் அதிபர் தோம்பல்பாயேயின் நிலைமையும் மெச்சும்படி இல்லை. வட பகுதி முஸ்லிம்கள் அவரது வரிச்சுமைக்கும் அடக்குமுறைக்கும் எதிராக ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். லிபியா அவர்களுக்கு உதவியது. அந்த உதவியை நிறுத்தவும் அரபுப் பணம் பெறவுமே அவருக்கு அரபு நட்பு தேவைப்பட்டது. அரபு அணியின் ஆப்பிரிக்கக் கொள்கை அங்குள்ள ஆட்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: இஸ்ரேல் தூதரை அனுப்பிவிட்டாயா? சொந்த மக்களை அவர் எப்படி நடத்துகிறார் என்று கேட்கவில்லை. இடி அமீன் பின்னாளில் நாட்டைவிட்டு ஓடி, சவூதியில் அடைக்கலம் பெற்று, 2003இல் ஜித்தாவில் இறந்தார்.

1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இழந்த மண்ணை மீட்கப் போர் தொடுத்தன. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதங்களை விமானத்தில் கொண்டுவந்து கொட்டியது. அக்டோபர் 17இல் அரபு எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைக்க முடிவு செய்தன. 20ஆம் தேதி ஃபைசல் அமெரிக்காவுக்கு எண்ணெயை முழுவதும் நிறுத்தினார். அதன் பிறகு நடந்தவை நமக்குத் தெரிந்தவை. தெரியாதது, அதே வாரங்களில் ஆப்பிரிக்கா செய்தது. ஒன்றன் பின் ஒன்றாக நாடுகள் இஸ்ரேலுடன் உறவை முறித்தன. எத்தியோப்பியா, நைஜீரியா, கானா, கென்யா, செனகல், ஆம், 1947இல் கைவிட்ட லைபீரியாவும். நவம்பர் முடிவதற்குள், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உறுப்பினர்களில் உறவை முறிக்காமல் மிஞ்சியவை மலாவி, லெசோதோ, சுவாசிலாந்து, மொரிஷியஸ் என நான்கே. எல்லாம் ஃபைசலின் சாதனை என்று சொல்வது மிகை. எகிப்தும் அல்ஜீரியாவும் லிபியாவும் உழைத்தன. ஆப்பிரிக்க மண்ணான ஸினாயை இஸ்ரேல் பிடித்து வைத்திருந்ததும் அவர்களை உறுத்தியது. ஆனால் 1947இன் அந்த வெற்று வாசல் இப்போது திறந்திருந்தது.

அரபு அணியும் சும்மா இருக்கவில்லை. நவம்பர் இறுதியில் அல்ஜியர்ஸ் நகரில் கூடிய உச்சி மாநாடு, எண்ணெய்த் தடையைத் தென்னாப்பிரிக்காவுக்கும் ரொடீஷியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் நீட்டித்தது. மூன்றுமே ஆப்பிரிக்க மக்களை நிறத்தின் பேரால் அடக்கி வைத்திருந்த ஆட்சிகள். உன் எதிரி என் எதிரி என்ற கைமாறு இது. ஷாவின் ஈரான் தொடர்ந்து எண்ணெய் விற்றதால் தென்னாப்பிரிக்கா மூச்சுத் திணறவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கேதான் கதை கசக்கத் தொடங்குகிறது.

போருக்கு முன் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சுமார் 3 டாலர். 1974 ஜனவரியில் அது 11.65 டாலர். இந்த இரண்டாவது பெரிய ஏற்றத்துக்குப் பிடிவாதம் பிடித்தவர் ஈரானின் ஷா. இவ்வளவு ஏற வேண்டாம் என்றே சவூதி வாதிட்டது. ஃபைசலின் பெயரில் இதையும் எழுதுவது நியாயமல்ல. ஆனால் ஏறிய விலை யாருடைய வீட்டில் விழுந்தது? அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் பொருட்களின் விலையை ஏற்றிச் சமாளித்துக்கொண்டன. மன்னர் ஓராண்டுக்கு முன் போய்வந்த நைஜர், சாட், மவுரித்தானியா, செனகல் எல்லாம் 1968 முதல் தொடர்ந்த கொடும் வறட்சியில் இருந்தன. கால்நடைகள் செத்து விழுந்தன. மக்கள் நிவாரண முகாம்களில் தானியத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தானியத்தை ஏற்றிவரும் லாரிக்கு டீசல் வேண்டும். வயலுக்கு உரம் வேண்டும். வீட்டு விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயின. அரபு நாடுகளுக்காக ஒரு நட்பை முறித்தோம், அதற்கு இதுதானா பரிசு என்று ஆப்பிரிக்கத் தலைநகரங்களில் வெளிப்படையாகவே கேட்டார்கள்.

இதே விலையேற்றம்தான் நம் ஊர் இளைஞர்களுக்கு அரபு நாட்டுப் பயணத்தைத் திறந்துவிட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1970களின் பிற்பாதியிலிருந்து நம் கடலோர ஊர்களில் எழும்பிய மாடி வீடுகளில் பல அந்த 11.65 டாலரில் எழும்பியவை. ஒரே விலை, நமக்கு ஒன்றாகவும் நைஜர் நாட்டு ஆட்டிடையருக்கு வேறொன்றாகவும் இருந்தது.

ஆப்பிரிக்க நாடுகள் கேட்டது எளிய விஷயம்: எங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் எண்ணெய் தாருங்கள். அரபு அணி இணங்கவில்லை. விலையை இரண்டாகப் பிரித்தால் மலிவு எண்ணெய் கள்ளச்சந்தைக்குப் போய்விடும், ஆப்பிரிக்காவில் எண்ணெய் விற்கும் மேற்கத்திய நிறுவனங்களே லாபத்தை எடுத்துக்கொள்ளும் என்றது. வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பதிலாக 20 கோடி டாலரில் ஒரு சிறப்பு நிதி அமைக்கப்பட்டது. அதுவும் தானமாக அல்ல, குறைந்த வட்டிக் கடனாக. வறட்சியில் கிடந்த முஸ்லிம் நாடுகளுக்கு முஸ்லிம் நாடுகள் வட்டியோடு கடன் கொடுத்ததைப் படிக்கும்போது ஓர் ஆலிமின் மனம் எப்படி வலிக்கும் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

நிலையான ஏற்பாடுகளும் செய்யப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அல்ஜியர்ஸ் மாநாட்டின் முடிவுப்படி, ஆப்பிரிக்காவின் பொருளாதார வளர்ச்சிக்கான அரபு வங்கி உருவானது. தலைமையகம் கார்த்தூமில் அமைந்தது, தொடக்க மூலதனம் 23.1 கோடி டாலர். அரபு லீக்கில் இல்லாத ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டுமே அது உதவ வேண்டும் என்பது விதி. சாலை, கிணறு, அணை, பள்ளிக்கூடம் என்று இன்றுவரை அது இயங்கி வருகிறது. வட்டியில்லா அடிப்படையிலான இஸ்லாமிய வளர்ச்சி வங்கிக்கும் 1973 டிசம்பரில் ஜித்தாவில்தான் அறிவிப்பு வெளியானது. அதை முன்னெடுத்தவர் ஃபைசல். சிறப்பு நிதியில் விட்ட தவறு அவருக்கே உறுத்தியிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காலவரிசைப்படி வங்கி அறிவிப்புதான் முந்தியது.

ஆப்பிரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் அரபு மொழியையும் ஹதீஸ் கல்வியையும் கொண்டுபோனார்கள். கூடவே, தலைமுறைகளாக தரீக்காக்களின் நிழலில் இருந்த ஊர்களில் புதிய கருத்து மோதல்களையும் கொண்டுபோனார்கள். இந்த அனுபவம் நமக்கும் புதிதல்ல என்பதால் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1975 மார்ச் 25. ரியாத்தில் குவைத் எண்ணெய் அமைச்சரின் குழுவை வரவேற்றுக்கொண்டிருந்தார் மன்னர். குழுவோடு உள்ளே வந்த சகோதரர் மகன் ஃபைசல் பின் முஸாஇத், முத்தமிடக் குனிந்த மன்னரைத் துப்பாக்கியால் சுட்டான். மன்னர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். காரணம் பற்றிப் பல கதைகள் உண்டு. கொலையாளிக்கு அந்த ஜூனில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அல்ஊத் மையவாடியில் பெயர் எழுதாத மண் கப்ரில் மன்னர் அடக்கப்பட்டார். பைத்துல் முகத்தஸில் தொழ வேண்டும் என்ற அவரது ஆசை நிறைவேறவில்லை. கார்த்தூமில் அந்த அரபு வங்கி பணியைத் தொடங்கியதும் அதே மார்ச் மாதத்தில்தான்.

1977இல் கெய்ரோவில் முதல் அரபு ஆப்பிரிக்க உச்சி மாநாடு நடந்தது. பெரிய தொகைகள் அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே எகிப்து கேம்ப் டேவிடில் இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்துகொண்டது. யாருக்காக உறவை முறித்தோமோ அவர்களே சேர்ந்துகொண்டார்கள் என்ற நியாயத்தை ஆப்பிரிக்கர்கள் எழுப்பியபோது பதில் சொல்ல ஆளில்லை. 1982இல் ஜைர், மறு ஆண்டு லைபீரியா, பின்னர் ஐவரி கோஸ்ட், கேமரூன் என்று பழைய தூதரகங்கள் மீண்டும் திறந்தன.

மன்னரின் பயணத்துக்கு முதலில் பலன் தந்த சாட் நாடு நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. 2019 ஜனவரியில் இஸ்ரேல் பிரதமர் அதன் தலைநகர் நிஜமெனாவுக்கு வந்து உறவைப் புதுப்பித்தார். 2023இல் சாட் தன் தூதரகத்தை அங்கே திறந்தது. அதே 2023இன் டிசம்பரில், காஸாவுக்காக சர்வதேச நீதிமன்றத்தின் படியேறியது தென்னாப்பிரிக்கா. நிஜமெனாவில் மன்னர் ஃபைசலின் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே இன்றும் அரபு மொழியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.